இரண்டு பிடி, இரண்டு விடு: கிட்டார் கேள்வி-பதில்

சென்ற இதழில் போகிற போக்கில் ஆக்மென்டட் ஸ்கேல் என்ற ஆறு நோட் வரிசை பற்றி ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கேள்விகளே இந்த முறை பக்கத்தை அடைத்துவிட்டன. ஸ்ட்ரம்மிங் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒரு வசதிக்காக டி ஷார்ப், ஜி ஷார்ப் என்று ஷார்ப் பெயர்களையே கடைசிவரை வைத்துக்கொள்கிறேன். ஏ ஃபிளாட் என்று எழுத வேண்டிய இடத்தில் ஜி ஷார்ப் என்கிறாரே என்று தியரி படித்தவர்கள் முகம் சுளிக்கலாம், கிட்டாரில் இரண்டும் ஒரே ஃபிரெட்தான் (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்). 5-5-4 என்பதுபோல எழுதினால் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு ஃபிரெட் எண், தந்தி வரிசை எல்லா இடத்திலும் தடித்ததிலிருந்து மெல்லியதை நோக்கி.

கேள்வி: சி, டி ஷார்ப், ஈ, ஜி, ஜி ஷார்ப், பி. இந்த ஸ்கேலை மூன்று ஃபிரெட், ஒரு ஃபிரெட், மூன்று, ஒன்று என்று வாசித்துப் பழகிவிட்டேன் சார். ஆனால் மேஜர் ஸ்கேலில் செய்வதுபோல ஒரு நோட்டை விட்டு அடுத்த நோட் என்று அடுக்கினால் எங்கே ஆரம்பித்தாலும் நாலு நாலு ஃபிரெட் தள்ளி மூன்று நோட் நிற்கும் ஆக்மென்டட் கார்டுதான் வருகிறது. ஆறு நோட்டுக்கும் மொத்தமே இரண்டு கார்டு. இதில் இவ்வளவுதானா?

பதில்: நீங்கள் போன வழியில் போனால் அவ்வளவுதான். ஒன்று விட்டு ஒன்று அடுக்குவது ஏழு நோட் ஸ்கேலுக்கு ஏற்பட்ட வழி. ஏழு ஒற்றைப்படை, அதனால் தாவிக்கொண்டே போனால் முதல் சுற்றில் விட்டுப்போன நோட்டுகள் அடுத்த சுற்றில் மாட்டிவிடும். ஆறு இரட்டைப்படை. சியில் ஆரம்பித்தால் சி, ஈ, ஜி ஷார்ப், மறுபடியும் சி. டி ஷார்ப்பில் ஆரம்பித்தால் டி ஷார்ப், ஜி, பி, மறுபடியும் டி ஷார்ப். இரண்டு வட்டமும் ஒன்றையொன்று தொடவே தொடாது. வேறு கார்டு வேண்டுமானால் ஒரு வட்டத்திலிருந்து கொஞ்சம், இன்னொன்றிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கலக்க வேண்டும்.

எப்படிக் கலப்பது என்பதைத் தாளில் எழுதிப் பார்க்காதீர்கள், ஃபிரெட்போர்டில் பாருங்கள், அங்கேதான் விஷயம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆறாவது தந்தியில் (மிகத் தடித்தது அதுதான்) இந்த ஸ்கேலின் நோட்டுகள் 3, 4, அப்புறம் 7, 8, அப்புறம் 11, 12 ஆகிய ஃபிரெட்டுகளில் இருக்கின்றன. ஐந்தாவது தந்தியில் 2, 3, பிறகு 6, 7, பிறகு 10, 11. நாலாவதில் 1, 2, பிறகு 5, 6, பிறகு 9, 10. மூன்றாவதிலும் இரண்டாவதிலும் ஒரே எண்கள்தான்: திறந்த தந்தியும் 1-ம், பிறகு 4, 5, பிறகு 8, 9. முதல் தந்தி ஆறாவதைப் போலவே. அதாவது எந்தத் தந்தியை எடுத்தாலும் இரண்டு ஃபிரெட் பிடி, இரண்டு ஃபிரெட் விடு, மறுபடி இரண்டு பிடி. அவ்வளவுதான் ஸ்கேல்.

ஒவ்வொரு ஜோடியிலும் தாழ்ந்த ஃபிரெட் ஒன்று, உயர்ந்த ஃபிரெட் ஒன்று இருக்கிறதல்லவா? தாழ்ந்ததெல்லாம் ஒரு வட்டம் (டி ஷார்ப், ஜி, பி), உயர்ந்ததெல்லாம் இன்னொரு வட்டம் (சி, ஈ, ஜி ஷார்ப்). பக்கத்துப் பக்கத்துத் தந்தியாக எந்த மூன்றையாவது எடுத்துக்கொள்ளுங்கள், நாலு, மூன்று, இரண்டு என்றே வைத்துக்கொள்வோம். நாலாவதில் 5 அல்லது 6, மூன்றாவதில் 4 அல்லது 5, இரண்டாவதில் 4 அல்லது 5. ஒவ்வொரு தந்தியிலும் தாழ்ந்ததா உயர்ந்ததா என்று மட்டும் முடிவு செய்தால் போதும், எட்டு விதமாகப் பிடிக்கலாம். மூன்றும் தாழ்ந்தவை என்றாலும் மூன்றும் உயர்ந்தவை என்றாலும் ஆக்மென்டட். இரண்டு உயர்ந்தது, ஒன்று தாழ்ந்தது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், அது மேஜர். ஒன்று உயர்ந்தது, இரண்டு தாழ்ந்தது என்றால் மைனர். மேஜரில் தாழ்ந்து நிற்கும் அந்த ஒற்றை நோட்தான் அந்தக் கார்டின் ஐந்தாவது (ரூட்டுக்கு ஏழு ஃபிரெட் மேலே இருப்பது), மைனரில் உயர்ந்து நிற்கும் ஒற்றை நோட்தான் ரூட், அதாவது கார்டுக்குப் பெயர் தரும் நோட். இது எந்த மூன்று பக்கத்துத் தந்திகளிலும், எந்த இடத்திலும் மாறாது. சி மேஜர், ஈ மேஜர், ஜி ஷார்ப் மேஜர், இந்த மூன்றின் மைனர்கள், இரண்டு ஆக்மென்டட் என்று ஸ்கேலில் இருக்கும் எட்டு மூன்று-நோட் கார்டுகளும் ஒரு கையளவு இடத்திலேயே வந்துவிடுகின்றன.

ஆக நீங்கள் புதிதாக மனப்பாடம் செய்ய எதுவும் இல்லை. திறந்த சி மேஜர், திறந்த ஈ மேஜர், ஈ மைனர், நாலாவது ஃபிரெட்டில் ஒரே விரலை எல்லாத் தந்திக்கும் பார் போட்டுப் பிடிக்கும் ஜி ஷார்ப் மேஜர், எல்லாம் இந்த ஸ்கேலுக்குள்ளேயே இருக்கின்றன. முதல் வருஷத்தில் கற்றுக்கொண்ட கார்டுகள்தான், ஆனால் ஒரே பாட்டில் அடுத்தடுத்து வைக்க யாருக்கும் தோன்றாத கார்டுகள்.

இப்போது ஒரு பயிற்சி. நாலு, மூன்று, இரண்டாவது தந்திகளில் மட்டும் 5-5-5 பிடியுங்கள், சி மேஜர். கடைசி விரலை ஒரு ஃபிரெட் இறக்குங்கள், 5-5-4, சி மைனர். முதல் விரலை ஒரு ஃபிரெட் ஏற்றுங்கள், 6-5-4, ஜி ஷார்ப் மேஜர். நடு விரலை இறக்கினால் 6-4-4, ஜி ஷார்ப் மைனர். கடைசியை ஏற்றினால் 6-4-5, ஈ மேஜர். முதலை இறக்கினால் 5-4-5, ஈ மைனர். நடுவை ஏற்றினால் திரும்பவும் 5-5-5. ஆறு கார்டு, ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விரல், ஒரே ஒரு ஃபிரெட், அப்படியே சுற்றி வந்து புறப்பட்ட இடத்தில் சேர்ந்துவிடுகிறீர்கள். மெதுவாக, ஒவ்வொரு தந்தியாகப் பிரித்து மீட்டிப் பாருங்கள், கார்டு மாறியது எந்த நொடியில் என்று காதுக்குப் பிடிபடாமல் நழுவும். இசை ஆய்வாளர் ரிச்சர்ட் கோன் 1996-ல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்தச் சுற்றைத்தான் விரிவாக ஆராய்கிறார். மொத்தம் இருக்கும் 24 மேஜர், மைனர் கார்டுகளும் இப்படி ஆறு ஆறாக நாலு குடும்பமாகப் பிரிந்துவிடும், எந்தக் கார்டும் இரண்டு குடும்பத்தில் இருக்காது. அந்த நாலுக்கும் அவர் திசைகளின் பெயரை வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதி ஐரோப்பிய இசையில் தலை சுற்றவைக்கும் கார்டு மாற்றங்கள் பலவும் இந்த வழியில் நடப்பவை என்பது அவர் வாதம்.

நாலு நோட் கார்டுக்கு முதல் தந்தியையும் சேர்த்துக்கொள்ளுங்கள் (3 அல்லது 4). இப்போது பதினாறு பிடிகள். பாதி ஏற்கெனவே பார்த்த கார்டுகள்தான், ஒரு நோட் இரட்டிப்பாக ஒலிக்கும். மற்ற பாதியில்தான் ருசி. 6-5-4-3 என்று படிக்கட்டு மாதிரி இறங்கும் பிடி ஜி ஷார்ப் மேஜர் செவன்த், அதாவது மேஜரோடு ரூட்டுக்குப் பதினொரு ஃபிரெட் மேலே ஒரு நோட். 6-4-4-3 ஜி ஷார்ப் மைனரோடு மேஜர் செவன்த், அந்தப் பழைய துப்பறியும் பட வாசனை அடிக்கும் கார்டு. 6-5-5-3 மேஜர் செவன்த்தில் ஐந்தாவது நோட் ஒரு ஃபிரெட் உயர்ந்தது. இதில் எதைப் பிடித்தாலும் அப்படியே நாலு ஃபிரெட் தள்ளுங்கள், இன்னும் நாலு தள்ளுங்கள், ஸ்கேலை விட்டு வெளியே போகவே முடியாது. ஒரு பிடி கற்றால் மூன்று கார்டு.

இதையெல்லாம் பியானோவில் சொல்லித்தர எனக்குப் பிடிக்காது, ஏனென்றால் கிட்டாருக்கு இங்கே ஒரு தனி வசதி இருக்கிறது. பக்கத்துத் தந்திகளுக்கு இடையே ஐந்து ஃபிரெட் தூரம், மூன்றாவதற்கும் இரண்டாவதற்கும் இடையே மட்டும் நாலு. மற்ற ஸ்கேல்களில் இந்த ஒரு விதிவிலக்கு வந்து எல்லா வடிவத்தையும் உடைத்துப் போட்டு மண்டையைக் காயவைக்கும். இந்த ஸ்கேல் நாலு நாலு ஃபிரெட்டாகத் திரும்ப வருவது, அதனால்தான் அந்த இரண்டு தந்திகளிலும் எண்கள் அச்சாக ஒன்றாக இருக்கின்றன, மற்ற தந்திகளில் ஒரே ஒரு ஃபிரெட் சரிவு. தொல்லையாக இருந்த இடமே இங்கே எளிதாகிவிடுகிறது.

கேள்வி: சி, ஈ, ஜி ஷார்ப் என்று சுற்றிச் சுற்றி வாசிக்கிறேன், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. எதில் நிறுத்தினாலும் பாதியில் விட்ட மாதிரி இருக்கிறது.

பதில்: அப்படித்தான் இருக்கும். நமக்குப் பழக்கமான பாட்டுகளில் ஜி செவன் வந்தால் அடுத்து சி வரப்போகிறது என்று காது முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த இழுப்புக்குக் காரணம் ஜி செவனுக்குள் இருக்கும் பி, எஃப் என்ற இரண்டு நோட்டுகள், அவற்றுக்கு இடையே ஆறு ஃபிரெட் தூரம், ட்ரைடோன் என்பார்கள். நம்முடைய ஆறு நோட்டில் எந்த இரண்டை எடுத்தாலும் இடையே ஆறு ஃபிரெட் வராது. எண்ணிப் பாருங்கள். இரண்டு ஃபிரெட் தூரமும் வராது. ஆக ஜி செவன் மாதிரி இழுக்கும் டாமினன்ட் செவன்த் கார்டு ஒன்றுகூட இந்த ஸ்கேலில் கிடையாது. மேஜர், மைனர், மேஜர் செவன்த் என்று இனிப்பெல்லாம் இருக்கிறது, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஆள் மட்டும் இல்லை.

இருந்தாலும் ஒரு வழி உண்டு. 5-4-4, அதாவது ஜி ஆக்மென்டட் பிடித்து, பிறகு 5-5-5 வாசியுங்கள். பி சிக்கு ஏறுகிறது, டி ஷார்ப் ஈக்கு ஏறுகிறது, ஜி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜி செவன் அளவுக்கு அழுத்தம் இல்லாவிட்டாலும் வந்து சேர்ந்த உணர்வு கிடைக்கும். ஆனால் அதே 5-4-4-லிருந்து 6-4-5-க்குப் போனால் ஈ மேஜரில் வந்து சேர்ந்த உணர்வும் அதே அளவுக்கு வரும், 6-5-4-க்குப் போனால் ஜி ஷார்ப்பிலும் வரும். மூன்று பக்கமும் ஒரே மாதிரி திறக்கும் கதவு அது. அதனால் எது உங்கள் வீடு என்பதை ஸ்கேல் முடிவு செய்யாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பேஸில் ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப வைப்பது, நாலு பார் (தாளச் சுற்று) முடியும் இடத்தில் எப்போதும் அதே கார்டில் வந்து நிற்பது, மெலடியின் நீண்ட நோட்டை அங்கே வைப்பது, இந்த மாதிரி சாதாரண வேலைகள்தான் செல்லும்.

இன்னொரு வழி, வெளியிலிருந்து டாமினன்ட்டைக் கடன் வாங்குவது. ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் 1959-ல் பதிவு செய்த ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பி, ஜி, டி ஷார்ப் என்ற மூன்று கீகளில், நாலு நாலு ஃபிரெட் தூரத்தில், ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் ஒவ்வொரு கீக்கும் போகும் முன் அதற்குரிய டாமினன்ட் செவன்த்தை வைத்துவிட்டுத்தான் போவார், பியிலிருந்து ஜிக்குப் போக நடுவில் ஒரு டி செவன். அதனால்தான் அவ்வளவு வேகத்திலும் இப்போது எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரிகிறது. நீங்கள் அந்த செவன்த்தை எடுத்துவிட்டு வெறும் மூன்றை மட்டும் வாசிக்கிறீர்கள், மிதக்கத்தான் செய்யும். மிதப்பு வேண்டும் என்றால் அப்படியே விட்டுவிடுங்கள், பாதியில் விட்ட மாதிரி முடிவதும் ஒரு முடிவுதான். எனக்குப் பிடித்த முடிவும் அதுவே.

கேள்வி: இந்த ஸ்கேலில் தடவிக்கொண்டிருந்தபோது ஐந்தாவது தந்தியிலிருந்து 7-5-5-4 என்று ஒரு பிடி கிடைத்தது. நன்றாக ஒலிக்கிறது. ஆப்பில் போட்டால் ஏதேதோ பெயர் வருகிறது. என்ன பெயர் எழுதுவது?

பதில்: ஈ, ஜி, சி, டி ஷார்ப். சி மேஜர்தான், கூடவே மைனர் மூன்றாவதும் (ரூட்டுக்கு மூன்று ஃபிரெட் மேலே இருப்பது) சேர்ந்து ஒலிக்கிறது. சி மேஜர் கூட்டல் ஷார்ப் நைன் என்று சிலர் எழுதுவார்கள். பெயரைவிட உங்கள் பிடி ஏன் நன்றாக ஒலிக்கிறது என்பது முக்கியம். அதில் ஈ கீழே, டி ஷார்ப் மேலே, இடையே பதினொரு ஃபிரெட் தூரம், காதுக்கு மேஜர் செவன்த் மாதிரி மென்மையாகத்தான் படும். இப்போது அதே நாலு நோட்டோடு பியும் சேர்த்து, ஐந்தாவது தந்தியிலிருந்து 3-1 பிடித்து மீதி மூன்றையும் திறந்து விடுங்கள். இங்கே டி ஷார்ப் கீழே, ஈ மேலே, பதிமூன்று ஃபிரெட் தூரம். பல் கூசும். முதல் தந்தியை மட்டும் மீட்டாமல் விட்டால் அது சி மைனர் மேஜர் செவன்த், அழகான கார்டு, ஒரே ஒரு ஈ வந்து சேர்ந்ததும் சண்டை. இந்த ஸ்கேலில் கார்டு கட்டும்போது ஒரு ஜோடியின் இரண்டு நோட்டையும் சேர்க்க ஆசைப்பட்டால் உயர்ந்தது பேஸ் பக்கம், தாழ்ந்தது மேல் பக்கம் என்று வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கேட்கும்படி இருக்கும். பிடித்த பிடிக்குப் பெயர் கிடைக்கவில்லை என்றால் எண்களையே எழுதி வையுங்கள். கூட வாசிப்பவருக்கும் அதுதான் சுலபம்.

கேள்வி: இந்த ஆறு ஸ்வரத்தில் ராகம் ஏதாவது இருக்கிறதா?

பதில்: ஸ்வரமாகப் பார்த்தால் ஷட்ஜம், ஷட்ஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம். 33-வது மேளமான காங்கேயபூஷணியில் மத்யமத்தை எடுத்துவிட்டால் இதுதான் மிஞ்சும். 69-வதான தாதுவர்த்தனியில் எடுத்தாலும் இதேதான், ஏனென்றால் அந்த இரண்டுக்கும் மத்யமம்தான் வித்தியாசம். கிரகபேதம் தெரிந்தவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: காந்தாரத்தையோ தைவதத்தையோ ஷட்ஜமாக வைத்துப் பாடினால் வேறு ராகம் வராது, அதே ஆறு ஸ்வரம்தான் திரும்ப வரும். ஆனால் சுருதிப் பெட்டியைப் போட்ட மாத்திரத்தில் இந்த விளையாட்டு முடிந்தது. ஷட்ஜம் ஒன்று ஊன்றி நின்றுவிட்டால் மற்ற இரண்டு வீடும் வீடாகாது. கார்டோடு வாசிக்கும்போதுதான் இதன் சமச்சீர் வேலை செய்யும்.

கேள்வி: கிளீன் டோனில் அருமையாக இருக்கும் இந்தக் கார்டுகள் டிஸ்டார்ஷன் போட்டதும் சேறாகிவிடுகின்றன. பெடலை மாற்ற வேண்டுமா?

பதில்: பெடலை மாற்றாதீர்கள், காசு மிச்சம். கோளாறு மேஜர் மூன்றாவதில் இருக்கிறது. ஒரு ஃபிரெட்டை நூறு சென்ட் என்று அளப்பார்கள். சுத்தமாக ஒலிக்கும் மேஜர் மூன்றாவது கிட்டத்தட்ட 386 சென்ட், நம் கிட்டாரின் நாலு ஃபிரெட் 400 சென்ட். 14 சென்ட் கூடுதல். ஒரு சுத்தமான மூன்றாவதை மூன்று முறை அடுக்கினால் ஒரு ஆக்டேவுக்கு ஏறக்குறைய 41 சென்ட் பற்றாமல் போகும், அந்தப் பற்றாக்குறையை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றின் தலையிலும் கட்டியதால்தான் சி, ஈ, ஜி ஷார்ப், சி என்று வட்டம் மூடுகிறது. அதாவது இந்த ஸ்கேலின் சமச்சீரே அந்த 14 சென்ட் பொய்யின் மேல்தான் நிற்கிறது. (காதால் சுருதி சேர்த்துப் பாடுகிறவருக்கு முந்தைய பதிலில் சொன்ன கிரகபேதம் துல்லியமாக மூடாது என்பதும் இதனால்தான்.) டிஸ்டார்ஷன் நீங்கள் வாசிக்கும் நோட்டுகளோடு அவற்றின் அலைவெண்களைக் கூட்டியும் கழித்தும் வரும் புது ஒலிகளையும் உண்டாக்கும். மூன்றாவது அகலமாக இருந்தால் அந்தப் புது ஒலிகள் மூல நோட்டுகளோடு ஒட்டாது. ஆக்மென்டட் கார்டில் இருப்பதெல்லாம் மூன்றாவதுகளே, பிறகு சேறாகாமல் என்ன செய்யும்?

ஈ கார்டு இனிக்கட்டும் என்று மூன்றாவது தந்தியைக் கொஞ்சம் இறக்கி ட்யூன் செய்யும் பழக்கம் உள்ளவர்கள் இங்கே அதைச் செய்ய வேண்டாம், ஈ இனிக்கும், அடுத்த நொடியே சி கசக்கும். டிஸ்டார்ஷனில் வாசித்தே ஆக வேண்டும் என்றால் கார்டை உடையுங்கள். சி-ஜி, ஈ-பி, ஜி ஷார்ப்-டி ஷார்ப் என்று மூன்று பவர் கார்டுகள் ஸ்கேலுக்குள்ளேயே சுத்தமாக இருக்கின்றன. இந்த மூன்றை மட்டும் ரிஃபாக வைத்துக்கொண்டு மீதி நோட்டுகளை லீட் பார்த்துக்கொள்ளட்டும். பி, ஜி, டி ஷார்ப் மேல் பவர் கார்டு போடப் பார்த்தால் ஸ்கேலுக்கு வெளியே போய்விடுவீர்கள்.

கேள்வி: மெஸ்ஸியானின் மூன்றாவது மோட் என்பதும் இதுவும் ஒன்றா? ஆறு நோட் எனக்குப் போதவில்லை.

பதில்: ஒன்று இல்லை, ஆனால் ஒன்றுக்குள் ஒன்று. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெஸ்ஸியான் 1944-ல் வெளியிட்ட தன் இசைமொழி பற்றிய நூலில், சில இடமாற்றங்களுக்கு மேல் நகர்த்த முடியாத ஏழு மோட்களை (நோட் வரிசைகளை) வரிசைப்படுத்தினார். மூன்றாவதுக்கு ஒன்பது நோட்டுகள், இரண்டு, ஒன்று, ஒன்று என்ற இடைவெளி. நம் ஆறு நோட்டோடு டி, எஃப் ஷார்ப், ஏ ஷார்ப் மூன்றையும் சேர்த்தால் அதுதான். ஃபிரெட்போர்டில் பார்த்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே ஒரு ஃபிரெட் ஒட்டிக்கொள்கிறது, இப்போது மூன்று பிடி, ஒன்று விடு. நாலு ஃபிரெட் தள்ளும் விதி அப்படியே செல்லும்.

கார்டு என்று பார்த்தால் இது பெரிய சந்தை. சி, ஈ, ஜி ஷார்ப்போடு இப்போது ஜி, பி, டி ஷார்ப் மேலும் மேஜர் கிடைக்கும். எங்கே முடிப்பது என்று கேட்டவருக்குக் கிடைக்காமல் போன டாமினன்ட்டும் வந்துவிட்டது: சி செவன், ஈ செவன், ஜி ஷார்ப் செவன். ஆனால் இதில் ஒரு குறும்பு இருக்கிறது. ஒன்பது போக மிச்சம் விடுபட்ட நோட்டுகள் சி ஷார்ப், எஃப், ஏ. சி செவன் போய்ச் சேர வேண்டியது எஃப்பில், ஈ செவன் ஏயில், ஜி ஷார்ப் செவன் சி ஷார்ப்பில். மூன்று டாமினன்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அவை போக வேண்டிய மூன்று இடத்தையும் சொல்லிவைத்தாற்போல் பிடுங்கிக்கொண்ட ஸ்கேல் இது. அதனால் செவன்த் கார்டை இங்கே ஒரு நிறமாக மட்டும் பாருங்கள், இழுப்பு என்று நம்பி வாசித்தால் ஏமாற்றம்தான்.

ஒன்பது நோட்டையும் ஒரே மூச்சில் கார்டாகத் தேட வேண்டாம். ஆறை முதலில் கைக்குள் கொண்டுவந்து, பிறகு ஒரு நேரத்தில் ஒரு தந்தியில் மட்டும் அந்தக் கூடுதல் ஃபிரெட்டைத் தொடுங்கள். உதாரணத்துக்கு நாலாவது தந்தியிலிருந்து 5-5-5-3, சி மேஜர். முதல் தந்தியின் 3-ஐ விட்டு அதே ஜோடிக்குக் கீழே இருக்கும் 2-ஐத் தொட்டால் எஃப் ஷார்ப். பளிச்சென்று வெளிச்சம் மாறும். அது பிடித்திருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விரலை எடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

கேள்வி: டிமினிஷ்ட் ஸ்கேலுக்கும் ஹோல் டோன் ஸ்கேலுக்கும் இதே மாதிரி செய்யலாமா?

பதில்: டிமினிஷ்ட்டுக்குத் தாராளமாக. ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு என்று போகும் எட்டு நோட் ஸ்கேலில் சி, டி ஷார்ப், எஃப் ஷார்ப், ஏ ஆகிய நாலின் மேலும் மேஜர், மைனர், டாமினன்ட் செவன்த், மைனர் செவன்த் எல்லாம் இருக்கின்றன. நாலு ஃபிரெட்டுக்குப் பதில் மூன்று ஃபிரெட் தள்ள வேண்டும், அவ்வளவே வித்தியாசம். ஏற்கெனவே தெரிந்த சி செவன் பிடியை மூன்று மூன்றாக ஏற்றிக்கொண்டே போய்ப் பாருங்கள். இரண்டு இரண்டு ஃபிரெட்டாகப் போகும் ஹோல் டோனில் மேஜரும் கிடையாது, மைனரும் கிடையாது, மூன்றாவதுகளாக அடுக்கினால் ஆக்மென்டட் தவிர வேறு வராது. எனக்கு அது சீக்கிரம் அலுத்துவிடும்.

கேள்வி: நானும் நண்பனும் இரண்டு கிட்டார். இந்த ஸ்கேலை இரண்டு பேரும் எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது?

பதில்: ஒருவர் கேப்போவை (எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்தும் கவ்வி) நாலாவது ஃபிரெட்டில் போடட்டும். பிறகு இருவரும் இந்தக் குடும்பத்துப் பிடிகளை மட்டும் பிடியுங்கள்: சி, ஈ, ஈ மைனர், ஐந்தாவது தந்தியிலிருந்து 3-2-0-0-0 என்ற சி மேஜர் செவன்த், 3-2-1-0-0 என்ற உயர்ந்த ஐந்தாவதோடான சி மேஜர் செவன்த். நீங்கள் சி என்று பிடித்தால் நண்பரின் கிட்டாரில் அதே பிடி ஈ மேஜராக ஒலிக்கும், உங்கள் ஈ அங்கே ஜி ஷார்ப். யார் எதைப் பிடித்தாலும் இருவரும் அதே ஆறு நோட்டுக்குள்தான் இருப்பீர்கள். இருவரும் ஒரே சமயத்தில் எல்லாத் தந்தியையும் சேர்த்து அடித்தால் மட்டும் நெரிசலாகிவிடும், ஆகவே ஒருவர் ஆறு, ஐந்து, நாலாவது தந்திகளையும் மற்றவர் மூன்று, இரண்டு, ஒன்றாவது தந்திகளையும் மட்டும் மீட்டுங்கள். நாலு பாருக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளலாம்.